டிபிடி தெரபிஸ்ட்டைத் தேடுறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்த 8 கேள்விகளைக் கேளுங்க



எங்க ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப் முடிச்சுட்டு, இப்போ சென்னையில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு பொண்ணு போன வருஷம் என்னைப் பார்க்க வந்தாங்க. கையில ஒரு எக்செல் பிரிண்ட் அவுட். எங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவங்க இல்லையா, எல்லாத்துக்கும் ஷீட் போட்டுடுவாங்க. அதுல மூணே வரிதான் இருந்துச்சு.

- முதல் கவுன்சிலர்: 6 செஷன் × 1,200 = 7,200
- ஆன்லைன் ஆப், தள்ளுபடி பேக்கேஜ்: 8 செஷன் × 1,000 = 8,000
- "டிபிடி எக்ஸ்பர்ட்"னு ப்ரொஃபைல்ல போட்டிருந்த ஒருத்தர்: 5 செஷன் × 1,800 = 9,000

மொத்தம் 19 செஷன், 24,200 ரூபாய். "மேம், ஏழு மாசம் ஆச்சு. ஒவ்வொரு இடத்துலயும் என் கதைய முதல்ல இருந்து சொல்லியே காசு தீர்ந்துபோச்சு. ட்ரீட்மென்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல"ன்னு சொன்னாங்க.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அவங்க 61,000 ரூபாய் கிரெடிட் கார்டு பில்லோட எங்கிட்ட வந்தாங்க. நான் என்ன செஞ்சேன்? பட்ஜெட் டெம்ப்ளேட் கொடுத்தேன், ஷாப்பிங் ஆப்பை டெலீட் பண்ணச் சொன்னேன், "கன்ட்ரோல் வேணும்மா"ன்னு ஒரு அட்வைஸும் பண்ணினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் ஆர்டர் போடுறாங்க, அந்த நேரத்துல மனசுக்குள்ள என்ன ஓடுது, கையில இருக்கிற தழும்பு எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. அதுக்கப்புறம் அவங்க என்கிட்ட பேசுறதையே விட்டுட்டாங்க.

ரெண்டாவது தடவை வந்தப்போ ஒரு சைக்கியாட்ரிஸ்ட் அவங்களைப் பரிசோதிச்சு, டிபிடி எடுத்துக்கச் சொல்லியிருந்தார். "ஆனா அதை ஒழுங்கா பண்றவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிச் செலவு பண்றது?" இதுதான் அவங்க கேள்வி. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து தேடினதுல தெரிஞ்சுக்கிட்டதை அவங்க அனுமதியோட எழுதுறேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நான் சிஏ, டாக்டர் இல்ல. உங்களுக்கு எந்தச் சிகிச்சை வேணும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு சேவைக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன சரிபார்க்கணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு முக்கியமான விஷயம்: உயிரை மாய்ச்சுக்கணும், உடம்பைக் காயப்படுத்திக்கணும்ங்கிற எண்ணம் இப்பவே ஓடுதுன்னா, இந்தக் கட்டுரைய அப்புறம் படிக்கலாம். 14416-க்கு கால் பண்ணுங்க. அது மத்திய அரசோட டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அவசரம்னா 108, இல்லன்னா பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. தெரபிஸ்ட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

## டிபிடின்னா என்ன?

முழுப் பேர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. அமெரிக்காவுல, சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை மார்ஷா லைனஹன் உருவாக்கினது. அதோட முதல் பெரிய ஆய்வு 1991-ல வந்துச்சு, சிகிச்சைக் கையேடு 1993-ல வந்துச்சு. சின்ன வயசுல தானும் இதே மாதிரி தவிப்போட மனநல மருத்துவமனையில இருந்ததா 2011-ல அவங்களே வெளிப்படையா சொன்னாங்க.

திரும்பத் திரும்ப தற்கொலை எண்ணம் வர்றவங்க, தன்னைத்தானே காயப்படுத்திக்கிறவங்க, பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் இருக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் முதல்ல உருவாச்சு. உணர்ச்சி திடீர்னு உச்சத்துக்குப் போய், இறங்க ரொம்ப நேரம் எடுக்குறவங்களுக்கு உதவுற முறை. "நீ இப்படி இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு"ன்னு ஏத்துக்கிறதும், "ஆனா இதை மாத்தியே ஆகணும்"ங்கிறதும் ரெண்டுமே உண்மைன்னு பிடிச்சுக்கிட்டுப் போறதுதான் இதோட அடிப்படை.

நாலு வகைத் திறமைகள் கத்துக்கொடுப்பாங்க:

- மைண்ட்ஃபுல்னெஸ்: உள்ளேயும் வெளியேயும் நடக்கிறதை, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம கவனிக்கிறது.
- டிஸ்ட்ரெஸ் டாலரன்ஸ்: நெருக்கடியான நேரத்தை, இன்னும் மோசமாக்கிக்காம தாண்டுறது.
- எமோஷன் ரெகுலேஷன்: உணர்ச்சியைப் பேர் சொல்லி அடையாளம் கண்டு, அதோட வேகத்தைக் குறைக்கிறது.
- இன்டர்பெர்சனல் எஃபெக்டிவ்னெஸ்: உறவும் கெடாம, சுயமரியாதையும் போகாம, வேணும்கிறதைக் கேக்கிறதும் முடியாதுன்னு சொல்றதும்.

இதுல பணத்தோட நேரடித் தொடர்பு ஒண்ணு இருக்கு. யோசிக்காம கண்டபடி செலவு பண்றது பார்டர்லைன் பிரச்சினையோட அறிகுறிகள்ல ஒண்ணா மருத்துவக் கையேட்டுலயே இருக்கு. அதுக்காக கார்டு பில் எகிறுற எல்லாருக்கும் இந்தப் பிரச்சினைன்னு அர்த்தம் இல்ல. ஆனா சிலருக்கு அந்த பில் வெறும் "ஒழுக்கமில்லாத செலவு" இல்ல. அது எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சது.

## பேர் ஒண்ணு, பொருள் வேற

அந்தப் பொண்ணுக்கு நடந்தது இதுதான். மூணாவது தெரபிஸ்ட் ப்ரொஃபைல்ல டிபிடின்னு போட்டிருந்தார். உண்மையில மூச்சுப் பயிற்சியும் ரெண்டு ஒர்க்‌ஷீட்டும் கொடுத்துட்டு, மீதி நேரம் வழக்கமான கவுன்சிலிங்தான். அவர் ஏமாத்தினார்னு சொல்ல மாட்டேன். டிபிடில இருந்து சில உத்திகளை எடுத்துப் பயன்படுத்துறது தப்பே இல்ல. ஆனா அது முழு டிபிடி இல்ல.

முழு டிபிடின்னா நாலு பாகம் சேர்ந்த ஒரு பேக்கேஜ்:

1. தனி செஷன்: வாரம் ஒரு தடவை, சுமார் ஒரு மணி நேரம்.
2. ஸ்கில்ஸ் குரூப்: வாரம் ஒரு தடவை, சுமார் ரெண்டு, ரெண்டரை மணி நேரம். மனசுவிட்டு அழுகிற குரூப் இல்ல, கிளாஸ் மாதிரி. ஹோம்வொர்க் உண்டு.
3. ஃபோன் கோச்சிங்: செஷனுக்கு நடுவுல நெருக்கடி வந்தா, கத்துக்கிட்ட திறமையை அந்த நிமிஷத்துல எப்படிப் பயன்படுத்துறதுன்னு கேக்க ஒரு சின்ன கால்.
4. தெரபிஸ்ட்டோட டீம்: இந்தச் சிகிச்சை பண்றவங்க தங்களுக்குள்ள கூடிப் பேசி, ஒருத்தரையொருத்தர் சரியான பாதையில வச்சுக்கிற மீட்டிங். நீங்க அதுல இருக்க மாட்டீங்க, ஆனா அது உங்களுக்காகத்தான்.

ஸ்கில்ஸ் பாடத்திட்டம் ஒரு சுத்து 24 வாரம். வழக்கமா ரெண்டு சுத்து, அதாவது ஒரு வருஷம்.

ஆக, நீங்க வாங்கப்போறது "ஒரு செஷன்" இல்ல, 12 மாசக் கமிட்மென்ட். இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்குங்க. ஒரு செஷன் ஃபீஸ் கம்மியா இருக்கான்னு பார்த்து மாறி மாறிப் போறதுதான் கடைசியில அதிகச் செலவுல முடியும். வருஷக் கணக்கு போட்டு, கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க.

## முதல் படி: லைசென்ஸ் பாருங்க

எங்க தொழில்ல மெம்பர்ஷிப் நம்பர் இல்லாம யாரும் ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட முடியாது. மனநலத் துறையிலயும் பதிவு இருக்கு. ஆனா "கவுன்சிலர்", "தெரபிஸ்ட்"ங்கிற பேரை யார் வேணும்னாலும் போர்டுல போட்டுக்கிறாங்க. அதனால இந்த ரெண்டைப் பாருங்க:

- கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: ரிஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, சுருக்கமா ஆர்சிஐ, அதுல பதிவு இருக்கணும். பெரும்பாலும் எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி அல்லது சைடி படிச்சிருப்பாங்க. அவங்களோட சிஆர்ஆர் நம்பரைக் கேட்டு, ஆர்சிஐ இணையதளத்துல தேடிப் பாருங்க.
- சைக்கியாட்ரிஸ்ட்: எம்பிபிஎஸ் முடிச்சு மனநலத்துல எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படிச்ச டாக்டர். மருத்துவக் கவுன்சில் பதிவு நம்பர் இருக்கும். மருந்து எழுதுறதுக்கு இவங்கதான்.

ஒரு எச்சரிக்கை. ஆர்சிஐ பதிவு இருந்தா அவர் தகுதியான சைக்காலஜிஸ்ட்னு அர்த்தம். டிபிடி தெரியும்னு அர்த்தம் இல்ல. நம்ம நாட்டுல டிபிடிக்குன்னு தனி அரசு லைசென்ஸ் கிடையாது. சிஏன்னு போட்டிருக்கிற எல்லாரும் ஜிஎஸ்டி லிட்டிகேஷன் பார்க்கிறதில்லையே, அது மாதிரி. அதனால அடுத்த படி, நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கிறது.

## கேக்க வேண்டிய 8 கேள்விகள்

இதுக்குப் பத்து, பதினஞ்சு நிமிஷ கால் போதும். நிறைய பேர் முதல் கால் இலவசமாவே பேசுவாங்க. கேக்கக் கூச்சமா இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்புங்க.

1. நீங்க முழு டிபிடி பண்றீங்களா, இல்ல டிபிடி உத்திகளைப் பயன்படுத்துறீங்களா?
நேர்மையானவங்க இதுக்கு நேரா பதில் சொல்லுவாங்க. "நான் முழுசா பண்றதில்ல"ன்னு சொல்றவரை நம்பலாம். "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா யோசிங்க.

2. ஸ்கில்ஸ் குரூப் உங்ககிட்டயே இருக்கா, இல்ல வேற இடத்துல சேரணுமா?
தனி செஷன் ஒருத்தர்கிட்ட, குரூப் இன்னொருத்தர்கிட்டன்னு இருக்கலாம். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்களான்னு கேளுங்க.

3. டிபிடி எங்க கத்துக்கிட்டீங்க? யாரோட மேற்பார்வையில பண்ணினீங்க?
ஒரு மதியம் வெபினார் பார்த்ததும் பயிற்சின்னு சொல்லலாம், பல நாள் பயிற்சி எடுத்து, மேற்பார்வையில கேஸ் பார்த்ததும் பயிற்சின்னு சொல்லலாம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

4. நீங்க ஒரு டிபிடி டீம்ல இருக்கீங்களா?
தனியா பண்றவரா இருந்தாலும், வேற தெரபிஸ்ட்களோட தொடர்ந்து கலந்து பேசுறாரான்னு பாருங்க.

5. டைரி கார்டு, செயின் அனாலிசிஸ் உண்டா?
டைரி கார்டுன்னா தினமும் உணர்ச்சி, தூண்டுதல், எந்தத் திறமையைப் பயன்படுத்தினோம்னு குறிக்கிற ஒரு அட்டை. செயின் அனாலிசிஸ்னா ஒரு பிரச்சினை எந்தப் புள்ளியில ஆரம்பிச்சு எப்படிப் படிப்படியா வந்துச்சுன்னு பின்னோக்கிப் பார்க்கிறது. ஆடிட்ல வவுச்சர்ல இருந்து என்ட்ரி வரைக்கும் பிடிச்சுட்டுப் போற மாதிரி. இந்த ரெண்டு வார்த்தையும் அவருக்குப் புதுசா இருந்தா, அது டிபிடி இல்ல.

6. செஷனுக்கு நடுவுல கால் பண்ணலாமா? எந்த நேரத்துல? அதுக்குத் தனிக் கட்டணமா? நீங்க எடுக்கலன்னா நான் யாரைக் கூப்பிடணும்?
எந்நேரமும் எடுப்பேன்னு யாராலயும் சொல்ல முடியாது. வரம்பு என்னங்கிறது தெளிவா இருக்கணும். அதுதான் முக்கியம்.

7. எவ்வளவு காலம்? லீவு போட்டா என்ன ஆகும்?
டிபிடில ஒரு பழைய விதி உண்டு. தனி செஷனோ குரூப்போ, ஏதாவது ஒண்ணுக்குத் தொடர்ந்து நாலு வாரம் வரலன்னா, அந்த ஒப்பந்தக் காலம் முடியிற வரைக்கும் திரும்பச் சேர முடியாது. உங்க இடத்துல இந்த விதி இருக்கா, கேன்சல் பண்ணினா ஃபீஸ் போகுமான்னு முன்னாடியே கேளுங்க. ஆடிட் சீசன், ரிலீஸ் வீக், நைட் ஷிஃப்ட் இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

8. பதிவு நம்பரோட ரசீது கிடைக்குமா? ஃபீஸ் எப்போ ஏறும்? வருமானத்துக்கு ஏத்த குறைந்த கட்டணம் உண்டா?
கடைசிக் கேள்வியைக் கேக்க வெக்கப்படாதீங்க. சில பேர் மாசத்துக்குச் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்குன்னே வச்சிருப்பாங்க. கேட்டாத்தான் தெரியும்.

இன்னொண்ணு: முதல் நாளே 20 செஷன் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீங்க, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. டிபிடிலயே முதல் சில செஷன்கள் "ரெண்டு பேரும் இதுக்கு ஒத்துக்கிறோமா"ன்னு பார்க்கிற காலம்தான். அது முடியிற வரைக்கும் செஷனுக்குச் செஷன் கட்டுங்க.

## எங்க தேடுறது?

சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட ஆரம்பிங்க. டிபிடிதான் வேணுமான்னே முதல்ல தெரியணும். எல்லா மனக் கஷ்டத்துக்கும் டிபிடி தேவையில்ல. பலருக்கு வேற தெரபி, சிலருக்கு மருந்து போதும். ரீல்ஸ் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பரிசோதிச்ச டாக்டரே "யார்கிட்ட போகலாம்"னு சொன்னா, அதுதான் நல்ல ரெஃபரன்ஸ்.

அரசு மருத்துவமனை. சென்னைன்னா கீழ்ப்பாக்கத்துல இருக்கிற அரசு மனநல மருத்துவமனை. மத்த ஊர்கள்ல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோட மனநலப் பிரிவு. டிபிடி முழுசா கிடைக்குமான்னு நேர்ல கேட்டுக்குங்க. பரிசோதனை, மருந்து, ரெஃபரல் இதுக்கெல்லாம் பெரிய செலவு இல்லாம முடிஞ்சிடும்.

பெரிய நிறுவனங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்கள்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டீமே இருக்கு. அங்க கேட்டா, உங்க ஊர்ப் பக்கம் யார் இருக்காங்கன்னும் சொல்ல வாய்ப்பு இருக்கு.

வெளியூர், ஆன்லைன்ல. ஆர்சிஐ பதிவு மத்தியப் பதிவு. மதுரையில இருந்துக்கிட்டே பெங்களூர், மும்பை சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கலாம். ஆனா பிஜில ரூம்மேட் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிப் பேசுவீங்க? மொட்டை மாடியா, ஆபீஸ் மீட்டிங் ரூமா, நண்பர் வீடான்னு இடத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. இங்கிலீஷ்ல குரூப் நடந்தா, கோவத்தையும் அழுகையையும் உங்களால அந்த மொழியில சொல்ல முடியுமான்னும் யோசிங்க.

கம்பெனியோட இஏபி. எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் ப்ரோக்ராம்ங்கிற பேர்ல சில இலவச செஷன்கள் இருக்கலாம். அதோட எண்ணிக்கை கம்மி, டிபிடிக்குப் போதாது. ஆனா தேடுற காலத்துல கைப்பிடிச்சு நிக்க உதவும். உங்க பேரும் நீங்க பேசுற விஷயமும் ஹெச்ஆருக்குப் போகுமாங்கிறதை எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

அந்தப் பொண்ணு அனுப்பின மெசேஜை அப்படியே தர்றேன், நீங்களும் பயன்படுத்தலாம்: "வணக்கம் டாக்டர். சைக்கியாட்ரிஸ்ட் எனக்கு டிபிடி பரிந்துரை செய்திருக்கிறார். நீங்கள் தனி செஷன், ஸ்கில்ஸ் குரூப் இரண்டும் நடத்துகிறீர்களா? கட்டணம், கால அளவு, காத்திருப்பு நாள் தெரிந்தால் உதவியாக இருக்கும்."

ஒன்பது பேருக்கு அனுப்பினாங்க. ரெண்டு பேர் பதிலே போடல. அஞ்சு பேர் "முழுசா பண்றதில்ல"ன்னு நேர்மையா சொன்னாங்க. மீதி ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட ஏழு வாரம் வெயிட்டிங். அவங்க அதுக்குக் காத்திருந்தாங்க. அந்த ஏழு வாரமும் சைக்கியாட்ரிஸ்ட் கண்காணிப்பு தொடர்ந்துச்சு.

## இப்போ கணக்குக்கு வருவோம்

அவங்களுக்கு வந்த ஃபீஸ் இது. உங்க ஊர்ல கூடலாம், குறையலாம்.

- தனி செஷன்: 1,500 × 52 வாரம் = 78,000
- ஸ்கில்ஸ் குரூப்: 700 × 52 வாரம் = 36,400
- சைக்கியாட்ரிஸ்ட்: 1,000 × 6 தடவை = 6,000
- மொத்தம்: 1,20,400. மாசத்துக்குச் சுமார் 10,000 ரூபாய் (மருந்துச் செலவு தனி)

அவங்க கையில வாங்குற சம்பளம் 42,000. அது போன வழி:

- பிஜி, சாப்பாடு: 11,000
- வீட்டுக்கு: 10,000
- போக்குவரத்து, ஃபோன்: 3,500
- எஸ்ஐபி: 6,000
- ஆர்டி: 2,000
- ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு ஒதுக்குறது: 1,000
- மீதி: 8,500 (பெரும்பாலும் ராத்திரி ஆர்டர்கள்)

61,000 கார்டு பாக்கியை அதுக்குள்ள போனஸ் வந்து அடைச்சிருந்தாங்க. இப்போ 10,000 எங்கிருந்து வரும்? எஸ்ஐபியை 6,000-ல இருந்து 2,000 ஆக்கினோம், 4,000 கிடைச்சது. ஆர்டியை நிறுத்தினோம், 2,000. அந்த 8,500-ல இருந்து 4,000. ஆச்சு பத்தாயிரம். சம்பளம் வந்த மறுநாளே இந்தத் தொகை ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா போயிடும். அந்த அக்கவுன்ட்டுக்கு டெபிட் கார்டும் இல்ல, யுபிஐயும் இல்ல.

"மேம், எஸ்ஐபியைக் குறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே வீடியோல சொல்லுவீங்க?"ன்னு கேட்டாங்க. சொல்லுவேன்தான். மார்க்கெட் விழுந்ததுக்காகக் குறைக்காதீங்கன்னு சொல்லுவேன். ஐஃபோனுக்காகக் குறைக்காதீங்கன்னு சொல்லுவேன். உயிரோட, நிம்மதியா இருக்கிறதுக்காகக் குறைக்காதேன்னு நான் எப்பவும் சொன்னதில்ல. 60 வயசுக்காகச் சேர்க்கிறோம்னா, அந்த 60 வயசு வரைக்கும் நீங்க இருக்கணும் இல்லையா? எமர்ஜென்சி ஃபண்ட் வச்சிருந்தா அதையும் எடுக்கலாம். இதுவும் எமர்ஜென்சிதான்.

தொடக் கூடாதது மூணு: ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம், டெர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம், வாடகை. எடுக்கக் கூடாதது ஒண்ணு: கிரெடிட் கார்டு கடன்.

முழுசா கட்டுப்படியாகலன்னா எதை விடலாம்? 2015-ல லைனஹன் குழு வெளியிட்ட ஒரு ஆய்வுல 99 பெண்களை மூணு பிரிவா பிரிச்சு, முழு டிபிடி, ஸ்கில்ஸ் பயிற்சி மட்டும் (கூடவே கேஸ் மேனேஜ்மென்ட்), தனி செஷன் மட்டும்னு கொடுத்துப் பார்த்தாங்க. மூணு பிரிவுலயும் தற்கொலை முயற்சிகள் குறைஞ்சது. ஆனா தன்னைக் காயப்படுத்திக்கிறது, ஸ்கில்ஸ் பயிற்சி இருந்த ரெண்டு பிரிவுலயும் அது இல்லாத பிரிவைவிட நல்லாக் குறைஞ்சது. நாம சாதாரணமா குரூப்பை "எக்ஸ்ட்ரா"ன்னு நினைச்சு முதல்ல வெட்டுவோம். அதைத்தான் கடைசியா வெட்டணும். எதை விடுறதுன்னு மட்டும் நீங்களா முடிவு பண்ணாம, உங்க டாக்டரோட பேசி முடிவு பண்ணுங்க.

## இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4) சொல்றது: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில காப்பீடு தர்றாங்களோ, அதே அடிப்படையில மனநோய்க்கும் தரணும். 2022 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பாலிசியும் இதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு ஐஆர்டிஏஐ உத்தரவும் போட்டுச்சு.

கேக்க நல்லா இருக்கு. ஆனா சாதாரண பாலிசி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். டிபிடி வாரா வாரம் போயிட்டு வர்றது, அதாவது ஓபிடி. அதனால அடிப்படை பாலிசியில வராது. உங்க பாலிசியில இதைப் பாருங்க:

- ஓபிடி கவர் இருக்கா? வருஷத்துக்கு எவ்வளவு வரம்பு?
- சைக்கியாட்ரிஸ்ட் ஃபீஸ் மட்டுமா, சைக்காலஜிஸ்ட் தெரபியும் உண்டா?
- க்ளெய்முக்கு டாக்டர் பரிந்துரைச் சீட்டு, பதிவு நம்பர் உள்ள ரசீது வேணுமா?

கம்பெனி க்ரூப் பாலிசியிலயும் இதே மூணைக் கேளுங்க.

புதுசா தனி பாலிசி எடுக்கிறீங்கன்னா, சிகிச்சை எடுக்கிறதை ப்ரொபோசல் ஃபார்ம்ல மறைக்காதீங்க. 2024 விதிகள்படி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் அதிகபட்சம் 36 மாசம்தான். காத்திருந்தா அது முடிஞ்சிடும். மறைச்சது பின்னாடி தெரிஞ்சா, வேற நோய்க்கான க்ளெய்மும் சிக்கலாகும்.

வரிச் சலுகை? 60 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கட்டுற தெரபி ஃபீஸுக்கு வருமான வரியோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழிவுப் பிரிவுல கழிவு கிடையாது. அங்க இருக்கிறது இன்ஷூரன்ஸ் பிரீமியமும், 5,000 வரைக்கும் ப்ரிவென்டிவ் ஹெல்த் செக்அப்பும்தான். அதுவும் பழைய வரி முறையில மட்டும். முன்னாடி இருந்த 15,000 ரூபாய் மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட் சலுகையை எடுத்துட்டு, 2018-19 நிதியாண்டுல இருந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொண்டுவந்துட்டாங்க. அதனால டேக்ஸ் பெனிஃபிட்டை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். ரசீதுகளை மட்டும் பத்திரமா வைங்க.

## வீட்டுல என்ன சொல்றது?

மாசம் பத்தாயிரம் போகுதுன்னா வீட்டுல கேப்பாங்க. அந்தப் பொண்ணு அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லல. "டாக்டர்கிட்ட போறேன், ஒரு வருஷம் ட்ரீட்மென்ட், வீட்டுக்கு அனுப்புற பணம் குறையாது"ன்னு மட்டும் சொன்னாங்க. அம்மா ரெண்டு நாள் சரியா பேசல. மூணாவது நாள் ஃபோன் பண்ணி, "சாப்ட்டியா? இன்னிக்கு க்ளாஸ் இருக்கா?"ன்னு கேட்டாங்களாம். எவ்வளவு சொல்றது, யார்கிட்ட சொல்றதுங்கிறது உங்க உரிமை. ஆனா நெருக்கடியில கூப்பிடுறதுக்கு ஒரே ஒரு ஆளாவது விஷயம் தெரிஞ்சவங்களா இருக்கட்டும்.

இப்போ அவங்களுக்கு அஞ்சாவது மாசம். எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மோசமான வாரங்கள் இன்னும் வருது. போன மாசம் ஒரு குரூப் கிளாஸைக் கூட விட்டுட்டாங்க. டைரி கார்டுல தெரபிஸ்ட் சொல்லி "ராத்திரி ஆர்டர்"னு ஒரு காலம் சேர்த்திருக்காங்க. முதல் மாசம் அதுல 11 டிக். இந்த மாசம் 3. போன வாரம் அந்த அட்டையை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, கீழ எழுதியிருந்தாங்க: "மேம், நீங்க கொடுத்த டெம்ப்ளேட்டைவிட இது நல்லா டேலி ஆகுது."

ஒத்துக்கிறேன்.

உங்க ஃபிரெண்ட் யாராவது பணத்தைக் கண்டபடி செலவு பண்றாங்கன்னா, பட்ஜெட் ஷீட் அனுப்புறதுக்கு முன்னாடி "எப்படி இருக்க?"ன்னு ஒரு தடவை கேளுங்க. தேவைப்பட்டா இந்தக் கட்டுரையையும் 14416-ங்கிற நம்பரையும் அனுப்புங்க. வருஷக் கணக்கு போடுற ஷீட்டை எப்படித் தயார் பண்றதுன்னு அடுத்த வீடியோல காட்டுறேன். அதுவரைக்கும் உடம்பையும் மனசையும் பார்த்துக்கங்க.